முதல் எதிரி, இயற்பியல் ஆசிரியை

இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியையாகப் போக நான் விண்ணப்பித்தபோது என் பெயரில் இரண்டு வழக்குகள் இருந்தன. இரண்டும் முடிந்துபோனவை. இரண்டிலும் அபராதம் கட்டியிருந்தேன். ஒன்று தமிழ்நாட்டில், இன்னொன்று கர்நாடகத்தில். ஓசூரில் குடியிருப்பவர்களுக்கு எல்லாமே இரண்டு மாநிலத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

பாகலூர் சாலையில் ஒரு மாடியில் அலுவலகம் வைத்திருந்த விசா ஆலோசகரிடம் முதல் நாளே இதைச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தவே இல்லை.

"மேடம், கோர்ட்ல எப்பவாவது தண்டனை ஆயிருக்குதான்னு கேப்பாங்க. ஸ்கூல்லயும் கேப்பாங்க, விசாவுலயும் கேப்பாங்க. ரெண்டுலயும் 'இல்லை'ன்னு போட்டுருங்க. சாலை மறியல், டூவீலர் ஃபைன், இதெல்லாம் ஒரு கேஸா?"

"கேஸுதானே சார். தண்டனை குடுத்திருக்காங்களே."

"இங்க இருந்து யாரு போய்ச் சொல்லப் போறா? எத்தனையோ பேரு இப்பிடித்தான் போயி செட்டில் ஆயிட்டாங்க."

"நான் 'ஆமா'ன்னுதான் போடுவன்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரிஜெக்ட் ஆனா என்னைக் கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர், சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லிட்டுப் போனா அங்க உக்காந்துக்கிட்டும் அதையேதான நெனச்சுக்கிட்டு இருக்கணும்? இருக்கதச் சொல்லு. குடுத்தாக் குடுக்கட்டும். இல்லாட்டி இங்க பிளஸ் டூ பிள்ளைக இருக்குல்ல" என்றார்.

அவர் பயந்தது அவ்வளவுதான். நான் பயந்தது அதைவிட அதிகம். ஆனால் 'இல்லை' என்று எழுத எனக்குக் கை வராததற்குப் பயம் காரணமில்லை. அந்த முதல் வழக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் அது புரியும்.

பி.எட். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட தற்காலிக ஆசிரியை. அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். சுற்றியிருந்த சின்னச் சின்ன ஊர்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் எல்லாரும் சாயங்காலம் ஒரே பேருந்தை நம்பியிருந்தார்கள். ஒருநாள் அந்தப் பேருந்து நின்றுபோனது. காட்டு வழியாக நடந்தால் யானை குறுக்கே வரும். முதலில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெண்கள் வரவில்லை. பிறகு பத்தாம் வகுப்பிலும் இடம் காலியாகத் தொடங்கியது. தாய்மார்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். எதற்கும் பதில் இல்லை.

ஒரு காலையில் அஞ்செட்டியிலிருந்து நான் பள்ளிக்குப் போன பேருந்து பிரிவுச் சாலையில் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் என் மாணவிகளின் அம்மாக்கள் சாலைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தக்காளி வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா, என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் தாய், நகர்ந்து இடம் விட்டார்.

"பாடம் அப்புறம் நடத்தலாம். இங்க வந்து குந்துங்க டீச்சரம்மா."

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் காலியாகிக்கொண்டிருந்த இடங்களைத் தினமும் பார்த்தவள் நான். அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய் மீதிப் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் நடத்த என்னால் முடியவில்லை.

போலீஸ் வந்து பெயர் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னேன். பெயர், அப்பா பெயர், படிப்பு, வேலை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் நான் முதல் எதிரி ஆனேன். எனக்கு இடம் விட்ட அந்த அம்மா இரண்டாம் எதிரி.

சில வாரங்களில் பேருந்து திரும்ப வந்தது. வழக்கும் வந்தது. நீதிமன்றத்தில் நீதிபதி என்னைப் பார்த்து, "குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ரோட்டுல உக்காந்தது உண்மைங்க ஐயா" என்றேன்.

அபராதம், கூடவே நீதிமன்றம் கலையும் வரை சிறை. சிறை என்றால் சாயங்காலம் வரை பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. இரண்டாம் எதிரி மடியிலிருந்து வேகவைத்த நிலக்கடலையை எடுத்து யாருக்கும் தெரியாமல் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில்தான் உண்மையான தண்டனை. அப்பா கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. கேஸ் உள்ள பெண் என்று ஒரு வரன் தட்டிப்போனது. அடுத்து வந்தவரிடம் நானே முதலில் சொன்னேன். அவர், "பஸ் விட்டாங்களா இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வழக்குக்கு இப்படி எந்தப் பெருமையும் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, தேர்வு மேற்பார்வைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே ஸ்கூட்டியில் மூன்று ஆசிரியைகள் போனோம். ஓட்டியது நான். உரிமம் காலாவதியாகியிருந்தது. அங்கே நீதிமன்றம் அபராதம் போட்டது; தீர்ப்பு முழுக்கக் கன்னடத்தில் இருந்தது.

'ஆம்' என்று எழுதி அனுப்பியதும் இங்கிலாந்துப் பள்ளி வழக்கின் ஆவணங்களைக் கேட்டது. தேன்கனிக்கோட்டை நீதிமன்றத்துக்குத் தீர்ப்பு நகல் வாங்கப் போனேன். வழக்கு எண் எனக்கு மறந்திருந்தது. இரண்டாம் எதிரியான அந்த அம்மாவுக்கு போன் செய்தால், எண் சொல்வதற்குப் பதில் அவரே கிளம்பி வந்துவிட்டார். நகல் பிரிவில் இருந்த எழுத்தர் மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்கும்மா இது?"

"வெளிநாட்டு வேலைக்குங்க சார்."

"கேஸ் காப்பிய வெச்சா வேலை குடுக்கறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ஏனுங்க சார், எங்களுக்கு பஸ்ஸு கொண்டாந்த கேஸு இது. இவங்க ஏ ஒன்னு, நான் ஏ டூ. எனக்கும் ஒரு காப்பி போடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"வீட்ல மாட்டி வெக்கறன். எம்பொண்ணு நர்சு ஆயிட்டா. அந்த வண்டியில போயிதான் படிச்சா."

எழுத்தர் அவரிடமும் ஒரு மனு எழுதித் தரச் சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் நர்ஸ் ஆனது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெளியே வேப்பமரத்தடியில் நின்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடங்களாக மறைக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் சுமந்த ஒன்றை, ஒருத்தி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன் என்கிறாள். அதன்பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது.

நேர்காணல் ஒரு மதியம் லேப்டாப்பில் நடந்தது. முதலில் ஒரு பாடம் நடத்தச் சொன்னார்கள். அழுத்தம் என்ற பாடத்தை நடத்தினேன். பிறகு அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை, வெள்ளைத் தலைமுடியும் தடித்த கண்ணாடியுமாக இருந்தவர், என் காகிதங்களைப் புரட்டினார்.

"சாலையை மறித்ததாக இருக்கிறதே. என்ன நடந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். யானை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் முடித்ததும் என் காகிதங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பேருந்து வந்ததா?" என்று கேட்டார்.

"வந்தது."

"இப்போதும் ஓடுகிறதா?"

"ஓடுகிறது. அதில் போய்ப் படித்த ஒரு பெண் இன்று நர்ஸ்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த ஸ்கூட்டர் விஷயம்?" என்றார்.

"அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது முழுக்க என் தப்பு" என்றேன். சத்தமாகச் சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்தது. விசா அவ்வளவு சுலபமாக வரவில்லை. போலீஸ் சான்றிதழுக்காக விசாரணைக்கு வந்த பெண் காவலர், "டீச்சர், உங்க மேல கேஸ் காட்டுதுங்களே" என்று தயங்கினார். தீர்ப்பு நகலைக் கொடுத்ததும் படித்துப் பார்த்து, அதிலிருந்தபடியே எழுதிக்கொண்டு போனார். கன்னடத் தீர்ப்பை மொழிபெயர்த்துச் சான்று வாங்கி அனுப்பினேன். என்னோடு விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பதில் வந்த பிறகும் எனக்கு வரவில்லை. இன்னும் விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு வழக்கையும் மறுபடி முதலிலிருந்து எழுதினேன், எதையும் குறைக்காமல். ஆலோசகர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

முடிவு வந்துவிட்டது என்று பெங்களூர் விசா மையத்துக்கு வரச் சொன்னார்கள். கடவுச்சீட்டு உறையை அந்த வாசலிலேயே பிரித்தேன். உள்ளே விசா ஒட்டியிருந்தது, என் படம், என் பெயரோடு. கணவர் அதைப் பேப்பர் படிப்பதுபோல மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அப்பாவுக்கு போன் செய்தேன். வழக்கு என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று இருந்தவர், "எல்லாத்தையும் எழுதியுமா குடுத்தான்?" என்று இரண்டு தடவை கேட்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்க அவரே சொல்லிவிட்டார், மறியலோடு சேர்த்து.

இப்போது இங்கே என் இரண்டாவது கல்வியாண்டு நடக்கிறது. பிள்ளைகள் என் ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டார்கள், நான் அவர்களுடையதற்கு. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் சிலர் வாட்ஸாப்பில் அழைப்பார்கள். போன வாரம் நாகரசம்பட்டியிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியர்.

"மேடம், காலேஜ்ல படிக்கறப்ப ஒரு அடிதடி கேசு, சின்னதுதான். ஃபைன் கட்டிட்டன். எழுதணுமா, வேணாமா?"

"எழுதுங்க சார். காப்பி வாங்கி வெச்சுக்குங்க. என்ன நடந்துச்சோ அப்பிடியே சொல்லுங்க, கூட்டாம கொறைக்காம."

"குடுப்பாங்களா மேடம்?"

"அத நான் சொல்ல முடியாது. எனக்குக் குடுத்தாங்க."

அவர் இன்னும் ஏதோ கேட்கத் தொடங்கினார். சாயங்காலம் கூப்பிடச் சொன்னேன். அடுத்தது ஆய்வக வகுப்பு, பிள்ளைகள் வாசலில் நின்றிருந்தார்கள்.