நைலோன் நூல் பார்த்த ஐயா

நைலோன் வலை முல்லைத்தீவுக் கரைக்கு வந்த புதிது. வலை நூல்களைச் சோதிக்கவென்று கொழும்பிலிருந்து கடற்றொழில் கந்தோருக்கு வந்திருந்த அந்த ஐயா, நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கும்போது இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருப்பார். ஒன்றை மூடினால் மற்றது களைத்துவிடுமாம். ஆனாலும் இரண்டும் சிவந்திருந்தன.

ஒரே வருடத்தில் இற்றுப்போன என் வலையின் நூலைக் கொடுத்தேன். அது நைலோன் இல்லையென்று அவர் சொன்னால், வேறு வலை தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.

“நீங்களே பாருங்கோ.”

கூச்சத்தோடு குனிந்தேன். முறுகிய நாடா போல ஒன்றும், கண்ணாடிக் கம்பி போல வழுவழுப்பாக இன்னொன்றும் தெரிந்தன.

“முறுகினது பருத்தி. மற்றது உங்கட நூல், நல்ல நைலோன். வலையை எங்கை காயப்போடுறனீங்கள்?”

“வெயிலிலைதான் ஐயா. ஒரு நாளும் தவறவிடயில்லை.”

“பருத்திக்கு அது சரி. நைலோனை வெயில் தின்னும். நிழலிலை போட்டிருக்கோணும்.” கண்களைத் துடைத்துக்கொண்டார். “இண்டைக்கு நீங்கள் அஞ்சாவது ஆள்.”

“மற்ற நாலு பேரும்?”

“அவையளும் ஒரு நாளும் தவறவிடயில்லையாம்.”

வாசலில் ஆறாவது ஆள் நூலோடு நின்றார். “என்னண்ணை, வேறை வலை கிடைக்குமோ?” என்று சிரித்தார். நான் நூலை மடியில் செருகிக்கொண்டு நடந்தேன்.

கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் என் வலை தப்பியிருக்கும். அந்த ஐயாவுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை.