இறக்கையில் இருந்த ஓட்டை

எங்கள் பகுதிப் பூங்காவில், ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நடுவே ஓர் எதிரி விமானம் நிற்கிறது. போரில் நம் படையினர் சுட்டு இறக்கிப் பிடித்தது. வெற்றிச் சின்னமாக எங்களுக்குக் கிடைத்து, போத்தனூர் வரை ரயிலிலும் அப்புறம் லாரியிலும் வந்ததாம். அதை யார் சுட்டார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எத்தனை மணிக்கு அதன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடைப்பயிற்சிக்காரர்கள் அதன் வாலில் துண்டு காயப்போடுவார்கள்.

சிங்காநல்லூரில் எனக்கு டிங்கரிங் பட்டறை. நசுங்கின காரை நான் சரிசெய்து கொடுத்தால், மோதியவரே வந்து பார்த்தாலும் எங்கே அடி என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். அது தெரிந்துதான் பூங்கா கமிட்டித் தலைவர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார்.

"ஏனுங்க, விமானம் பாக்கவே கேவலமா இருக்குதுங்க. எறக்கையெல்லாம் ஓட்டை. வெளியூர்க்காரங்க பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

எனக்கே அவமானமாக இருந்தது. நம் ஊரில் ஒரு வண்டி அடிபட்டபடியே நிற்பதாவது! அடிபட்டதால்தான் அது நம் ஊருக்கே வந்தது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் வேலை. ஓட்டைகளின் ஓரங்கள் கையைக் கிழித்தன. இடது இறக்கையின் அடியில் இருந்த ஒன்று மட்டும், மூன்று விரல் நுழையும் அளவில், ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. யார் கை பட்டுத் தேய்ந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்? தகடு வைத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். எதிரி நாட்டு முத்திரையைப் பார்த்தால் குழந்தைகள் பயப்படும் என்று தலைவர் சொன்னதால், அதை அழித்துவிட்டுக் கமிட்டியின் பெயரை எழுதினோம். இப்போது பார்ப்பவர்களுக்கு, நம் படை ஏதோ கமிட்டியிடம் இருந்து விமானத்தைப் பிடுங்கியது போலத்தான் தெரியும். திறப்பு விழாவில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். வண்டி எங்கே நகரப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், விட்டுப்போன இடத்தில் பெயின்ட் தொட்டுக்கொண்டிருந்தேன். அன்னூரில் இருந்து ஒரு பெரியவர், பேத்தியின் புது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேராக இடது இறக்கையின் அடியில் போய் நின்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை உயர்த்தினார். விரல்கள் பெயின்ட்டில் வழுக்கின. மறுபடியும் தடவினார்.

"ஏனுங்க, இங்கொரு ஓட்டை இருந்துச்சுங்களே?"

"நல்லாத் தடவிப் பாருங்க. இருந்த எடமே தெரியாதுங்க" என்றேன் பெருமையாக.

"அது நான் சுட்டதுங்க" என்றார்.

போரில் அவர் விமானங்களைச் சுடும் பீரங்கியில் இருந்தவராம். "ஊர்ல ஒருத்தரும் நம்பலீங்க. பட்டாளத்துல சோறாக்கிட்டு வந்தவன்னு கேலி பேசுவாங்க. நம்பாதவங்களை இங்க கூட்டியாந்து, ஓட்டைக்குள்ள விரலை உட்டுக் காட்டுவனுங்க."

மாப்பிள்ளை பளபளக்கும் இறக்கையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையாட்டினார். நம்பாதவர்கள் ஆட்டுகிற ஆட்டம் அது. பெரியவருக்கும் அது புரிந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் கையை நானே வெட்டிப் போட்டுவிடலாம் போல் இருந்தது.

"டிரில்லிங் மெசின் வண்டியிலயே இருக்குதுங்க. அஞ்சே நிமிசம். அதே எடத்துல, அதே அளவுக்குப் போட்டுக் குடுத்தர்றனுங்க."

அவர் உயர்த்திய கையை இறக்கிக்கொண்டார்.

"வேண்டாமுங்க. அது நீங்க போட்ட ஓட்டையாயிருமுங்க."

மாப்பிள்ளையை முன்னே நடக்கச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ஆனா, வேலை சுத்தமுங்க" என்றார்.