ஊமைப்பட நடிகரின் திக்குவாய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் வில் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. பாத்திரம் கழுவ வேண்டும். மேல்மாடி அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அந்த மாடியில் தொண்ணூறை நெருங்கிய ஒருவர் இருந்தார். இளம் வயதில் ஊமைப்படங்களில் சிரிப்பு நடிகராக இருந்தவர்.

பெர்லினில் ஏழெட்டு வருடம் நடித்தாராம். பெரும்பாலும் உணவகப் பரிசாரகர் வேடம். தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து வழுக்கி விழ வேண்டும். ஒரு தட்டு மட்டும் உடையாமல் கையில் நிற்க வேண்டும். சுவரொட்டிகளில் அவர் முகம் பெரிதாக வந்த காலமும் இருந்தது. படங்கள் பேசத் தொடங்கியதும் குரல் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்குத் திக்குவாய். ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஊர் திரும்பி, ஓய்வு பெறும்வரை ஒரு துணி ஆலையின் கிடங்கில் வேலை பார்த்தார்.

இதையெல்லாம் ஒரு மாதமாகத் திக்கித் திக்கி எனக்குச் சொன்னார். டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியில் என் பேச்சும் தடுமாற்றம்தான் என்பதால் என்னிடம் அவருக்குக் கூச்சமில்லை. இங்கே வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

அந்தத் தடுமாற்றத்துக்காகச் சமையலறையில் தினமும் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஒரு மத்தியானம், அவர்கள் வேறு யாரையாவது பார்த்துச் சிரிக்கட்டுமே என்ற ஆசையில், அந்தக் குரல் சோதனையை நடித்துக் காட்டினேன். முதல் எழுத்தில் சிக்கிய வாய், பிதுங்கிய கண், நடுங்கும் தாடை. தலைமைச் சமையல்காரர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை என்றார். செய்தேன்.

பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மன்னார்க்காரர் என் சட்டையை இழுத்தார்.

"அண்ணை, காணும், விடுங்கோ. அவர் வாசலிலை நிக்கிறார்."

முதியவர் சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுவந்திருந்தார். அதை என் கையில் தந்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி போனார்.

அன்று மாலை அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தார். அதன் பிறகு என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. வேண்டும், வேண்டாம் என்பதைக் கையால் காட்டினார்.

இரண்டு கிழமைதான் தாங்கினேன். முதுகுவலி என்று பொய் சொல்லிச் சலவைப் பகுதிக்கு மாறினேன்.

"உண்மையா முதுகோ அண்ணை?" என்று மன்னார்க்காரர் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அடுத்த வசந்தத்தில் அந்த முதியவர் இறந்தார். தேவாலயத்தில் தலைமைச் சமையல்காரர் என் பக்கம் திரும்பி, வாயைக் கோணி, கண்ணடித்தார். நானும் சிரித்தேன். பிறகு திருப்பலி முடியும்வரை நிற்காமல் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.