எலுமிச்சைச் சாறு குடித்த வாள்

என் சித்திக்கு வாள்தான் பிழைப்பு. இந்தோனேசியாவிலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த வாள்களைப் பார்த்து, நிஜமாகவே பழசா, போன மாதம் பட்டறையில் பிறந்து கிழவேஷம் போட்டதா என்று எழுதிக் கொடுப்பாள். ஏலக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். மற்றவர்கள் சொல்வதை வருஷக்கணக்கில் டைப் அடித்துவிட்டு ஒருநாள், "சார், இது தப்பு" என்றாள். தப்புதான். அன்றோடு நாற்காலி மாறியது.

ஒருமுறை வேன் ஸ்பிரிங் பட்டையைத் தட்டி, வினிகரில் ஊறவைத்து, உப்பு மண்ணில் புதைத்தெடுத்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி அவள் மேஜையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள்.

"துரு எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்கு. நிஜமா வயசானா அங்கங்கதான் வரும். இதுக்கு வயசு பத்து நாள். வினிகர் பாட்டில் எங்கடா?"

அப்படிப்பட்டவளையே திணற வைத்த வாள் ஒன்று போன மாதம் வந்தது. கொண்டுவந்தவர் எலக்ட்ரிக் கடைக்காரர். பின்னாலேயே அவருடைய தம்பி மனைவி, தையல் வேலை செய்கிற அக்கா. தம்பி இறந்து நாலு வருஷமாகிறது. வாள் அவர்களுடைய தாத்தா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கியது. நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது என்று பதினோரு வருஷம் முன்னால் சித்தியே எழுதிய தாளும் கூட வந்திருந்தது.

"நிஜ வாளை வித்துட்டு, அதே மாதிரி ஒண்ணைச் செஞ்சு வெச்சிருக்கா" என்றார் கடைக்காரர். "இது அது இல்லன்னு ஒரு வரி எழுதுங்க மேடம். நேரா ஸ்டேஷன். அப்புறம் இவ வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

தையல் அக்கா வாளைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

சித்தி தராசில் வைத்தாள். தாளில் அறுநூற்று நாற்பது கிராம்; தராசில் ஐந்நூற்று எழுபது. இரும்பை மடித்து மடித்து அடித்ததால் விழும் வரிகள், பழைய போட்டோவில் ஒரு தினுசு, கையிலிருந்த வாளில் வேறு தினுசு. துரு மருந்துக்குக்கூட இல்லை. சித்தி பேனாவைத் திறந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யார் மாட்டிக்கொண்டாலும் நான் அப்படித்தான், அனுபவம்.

"இவ்வளவு பளபளன்னு எப்படிம்மா?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்ச்சுக் கழுவி, எண்ணெய் போட்டு வைக்கணும்னு. முன்னெல்லாம் அவர் பிடிச்சுப்பார், நான் தேய்ப்பேன். இப்ப நானே."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

சித்தி பேனாவை மூடினாள்.

சாறு துருவோடு நிற்காது, இரும்பையும் கொஞ்சம் தின்னும். வருஷத்துக்கு ஒருமுறை என்றால் வாள் தாங்கும். இது ஐந்நூற்றுச் சொச்சம் தடவை. பலகையை இழைக்க இழைக்க மரத்தின் ரேகை மாறுகிற மாதிரி, வாளின் வரியும் மாறியிருக்கலாம். சித்தி இதைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. சாட்சி?"

பிடியின் கழுத்தில் ஒரு பித்தளைப் பூண் இருந்தது. அதற்குள் சாறும் போகாது, கையும் போகாது. வெந்நீர்த் துணி சுற்றி, இளக்கி, அதைக் கழற்ற அரைமணி நேரம் ஆனது. உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு கறுத்துத் தடியாக இருந்தது. பூண் முடிந்த இடத்தில் படி இறங்கின மாதிரி சட்டென்று மெலிந்தது. தடித்த இடத்தை அளந்தாள். ஆறு மில்லிமீட்டர். பழைய தாளில் கழுத்துத் தடிமன்: ஆறு.

"அதே வாள்தான் சார். தேய்ஞ்சிருக்கு."

தையல் அக்கா அப்போதுதான் நாற்காலி தேடி உட்கார்ந்தார். "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நான் சொன்னதைத்தானே செஞ்சீங்க. எப்பெப்பன்னு நான் சொல்லல."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அதே வாள்னு மட்டும் எழுதுங்க மேடம். தேய்ஞ்ச கதை எதுக்கு? வாங்க வர்றவனும் ஓடுவான், உங்க பேரும் கெடும்."

நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். சித்தி முழுசாக எழுதினாள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்று நான் சொல்லாமல் விட்டதால் வாள் எழுபது கிராம் தேய்ந்திருக்கிறது, பராமரித்தவர் மேல் தவறில்லை. கையெழுத்துப் போட்டு, தையல் அக்காவிடம் நீட்டினாள்.

கடைக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வாம்மா, போலாம்" என்றார். அன்றைக்கு அவர் வாயில் 'அம்மா' வந்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போனதும் சித்தி பழைய நோட்டை எடுத்தாள். இதே எலுமிச்சை யோசனையை இருபத்தாறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். நான் நம்பரைப் போட்டுக் கொடுக்க, ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. ஒருத்தர் மாதத்துக்கு ஒருமுறை என்றார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதாவது ஆள் மட்டும் ரொம்பவே தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். வேலைத் தொந்தரவு. இன்னிவரைக்கும் ஒரு தடவைகூடக் கழுவல."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள் சித்தி.