வினெட்டின் ஈரப்பலா மரம்

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்த வினெட், ஜமேக்காவில் ஒரு மலைக்கிராமத்துக் கறுப்பு விவசாயியின் மூத்த மகள். அவள் பிறந்தபோது அப்பா தொப்புள்கொடியைக் காணிக்குள் புதைத்து, அதன்மேல் ஒரு ஈரப்பலாக் கன்று நட்டார். அந்தச் சனத்தின் வழக்கம் அது. கொடி கிடக்கும் மண்ணில் பிள்ளைக்கு என்றைக்கும் இடமுண்டு. காணி உறுதி எழுதுவதற்கு ஒருவரும் மினக்கெடுவதில்லை. குடும்பக் காணியை எவனாவது விற்பானா என்று நம்பியிருந்தார்கள், அப்பாவிகள்!

மழை பொய்த்த வருடங்களில் தோட்ட முதலாளி காணியைக் கேட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா மசியவில்லை. அந்த மரத்துக் காயைச் சுட்டுத் தின்றுதான் குடும்பம் உயிர் தப்பியது. பிறகு வினெட் ரொறன்ரோவுக்கு வீட்டுவேலைக்கு வந்தாள். அதன்பின் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் காலமெல்லாம் ஓடியது. பென்சன் எடுத்ததும் ஊருக்குப் போய் மரத்தடியில் ஒரு அறை கட்டிக்கொண்டு இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இதைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டு யோகராணிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

தொண்ணூற்றுநாலு கோடையில் தம்பி எவரால்ட் வந்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த மரத்துக் காயைச் சுட்டு, பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார்கள். இவனும் ஒன்று கொண்டுவந்தான். யோகராணியையும் சாப்பிட வரச்சொல்லிவிட்டு வினெட் காயை வெட்டினாள். கத்தி பாதியில் நின்றது. அவளுடைய மரத்துக் காய் உள்ளே மஞ்சள். இது வெள்ளை.

"இது ஆற்றை மரத்துக் காய்?"

"சந்தையிலை வாங்கினது, அக்கா. உங்கடை மரம் புயலுக்கு விழுந்திட்டுது."

"புயல் அடிச்சது எண்பத்தெட்டிலை. போன வருசமும் எனக்கு மஞ்சள் காய்தானே வந்தது?"

எவரால்டுக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. யன்னலைப் பார்த்தான்.

"காணியை ஹொட்டல்காரருக்கு வித்திட்டன். அவங்கள்தான் மரத்தைத் தறிச்சவங்கள்."

"என்னைக் கேளாமல் எப்பிடி வித்தனி?"

"செத்த அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை எண்டு சத்தியக் கடதாசி குடுத்தனான். நீங்கள் இனி வரமாட்டியள் எண்டு நினைச்சன்."

வினெட் கத்தியைக் கீழே வைத்தாள். ஊரான் ஏமாற்றியிருந்தால் ஏசித் தீர்த்திருப்பாள். இவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். பசியில் இவன் கத்தியபோதெல்லாம் தன் பங்குக் காயைப் பிய்த்து ஊட்டியவளும் அவள்தான். பட்டினி கிடந்தபோதும் அப்பா விற்காத காணியை, வயிறு நிறைந்தபிறகு இவன் விற்றிருக்கிறான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு யோகராணி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, ஈரப்பலாக்காய்க்கு வந்திட்டன். இவர்தானோ உங்கடை தம்பி?"

வினெட் அவனுடைய சூட்கேசைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தாள்.

"இல்லைப் பிள்ளை. இவர் தேப்பனுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவை ஒருத்தரும் இல்லை."