வதனியின் நண்டும் என் கையும்

மற்றக் கதையளைப் பிறகு சொல்லுறன் பிள்ளை, முதல் இதைக் கேள். இந்த ஊரிலை சமுத்திரத்தையே உப்பாக்கிப் பைக்கற்றிலை விக்கிறாங்கள்! என்ரை மகள் வதனி யூனிவேசிற்றியிலை நண்டை ஆராயிறாளெல்லே, அந்த உப்பைக் கரைச்சுத்தான் நண்டுகளுக்குக் கடல் செய்து வைச்சிருக்கிறாள். ரொறொன்ரோ ஏரி நல்லதண்ணி, அதிலை விட்டால் செத்துப்போமாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போற வழியிலை என்னையும் தன்ரை ஆராய்ச்சி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனவள். "அம்மா, ஒண்டையும் தொடாதேங்கோ" எண்டிட்டு மருந்து எடுக்கப் போனாள். நரம்பிலை ஊறுற ஏதோ சாமானாம், நியூரோபெப்ரைட் எண்டுறாள். ஒரு துளி ஏத்தினால் நண்டின்ரை இதயம் வேகமா அடிக்குமாம். மூண்டு மணிக்குப் புரொபெசர் பாக்க வாறாராம். இண்டைக்கும் சரிவராட்டில் இந்த ஆராய்ச்சியை விடத்தான் வேணுமாம். ரெண்டு வருசமாப் பட்ட பாடு!

என்ரை கை சும்மா கிடக்குமே? எங்கடை ஊர்ச் சந்தையிலை வயித்தை அமத்திச் சதை பாக்காமல் ஆர் நண்டு வாங்கினது? முதுகிலை வயர் ஒட்டிக் கிடந்த நண்டைத் தூக்கி அமத்தினன். நல்ல சதை! திருப்பித் தண்ணிக்கை விட்டிட்டன்.

வதனி வந்து கொம்பியூட்டரைப் பாத்தாள். அதிலை நண்டின்ரை இதயத்துடிப்புக் கோடு குதிகுதியெண்டு குதிக்குது. "ஐயோ, ஊசி போட முதலே ஓடுது!" நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். வரவேண்டாம் எண்டு புரொபெசருக்குச் சொல்ல ரெலிபோனைத் தூக்கினாள். அப்பதான் எனக்கு வாய் வந்தது.

"நான் அமத்திப் பாத்தனான் மோனை."

"இது சந்தையே அம்மா? பயந்தால் நண்டு தானாவே உடம்புக்கை அந்தச் சாமானை விடுமெல்லே!"

லைற்றை நூத்து, கறுப்புத் துணியாலை தொட்டியை மூடினாள். இருட்டிலை நண்டின்ரை பயம் தெளியுமாம். மூண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்கைதான் கோடு அடங்கினது. பிறகு புரொபெசர் வந்து நிக்க, ஊசி போட்டாள். கோடு பாஞ்சுது பார், என்ரை நெஞ்சும் பாஞ்சுது!

வதனி நான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தாள் விழுந்து விழுந்து சிரிச்சு, என்னட்டை ஏதோ கேட்டார். நான் "யெஸ், யெஸ்" எண்டன். நாளைக்கும் வந்து அமத்துவீங்களோ எண்டு கேட்டவராம்! இனிப் போகத்தானே வேணும்.

வெளிக்கிடேக்கை எட்டிப் பாத்தன். மருந்து இறங்கி, இதயம் ஆறுதலா அடிக்குது. காலுகள் மட்டும் சேறு தோண்டுற மாதிரிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே கிடக்கு. அதைப் பாத்து நிண்ட எனக்கு எங்கடை ஊர்க் கடற்கரை... ஐயோ, உன்னோடை கதைச்சு மறந்துபோனன், கீழை உடுப்புப் போட்ட வோஷிங் மிசின் நிண்டிருக்கும்! ஆரும் ஈர உடுப்பைத் தூக்கி வெளியிலை போட முதல் ஓடிப்போட்டு வாறன்.