எட்டு அங்குல ரப்பர் மீன்

இராசதுரை அண்ணை ஒன்பது கோடைகாலம் மீன் பிடிக்கப் போனார். அந்த ஒன்பது கோடையிலும் ஒரு மீனைக்கூட அவர் பிடிக்கவில்லை. இது தன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும் என்ற பாரம் குலசிங்கத்தின் தலையில் இருந்தது. அண்ணை உயிரோடு இருந்தவரை அது ஒரு பகிடி. அவர் போனபிறகுதான் கனக்கத் தொடங்கியது.

அண்ணை ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கெயார்ரேக்கர் வேலை. நடைபாதை துடைப்பார், பனி தள்ளுவார், பிள்ளைகள் கொட்டிய ஜூஸை முணுமுணுக்காமல் வழித்தெடுப்பார். ஆனால் எதிலும் அவருக்குப் பெரிசு வேண்டும். பஸ்ஸில் வந்து இறங்கும்போது தோளில் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை இருக்கும். வத்தகப்பழம் வாங்கினால் கடையிலேயே பெரியது. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு வாசல் ஏற மாட்டார். குலசிங்கம் அதே மாடியில் குடியிருந்த காலத்தில் பழக்கமாகி, பிறகு அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனவன். அவனுடைய வீடு குடிபூரலுக்கு அண்ணை கொண்டுவந்த குத்துவிளக்கு கதவுக்குள் நுழைய மறுத்தது.

மீன் பிடிக்கிற ஆசை போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் யாரோ ஒருவன் கைக்குழந்தை அளவு பாஸ் மீனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய தூண்டிலில் தொங்கியது ஸ்விம்பெய்ட். மீனைப் போலவே செய்த ரப்பர் மீன். இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். அடுத்த கிழமையே அண்ணை எட்டு அங்குல நீளத்தில் ஒன்று வாங்கிவிட்டார். உடம்பில் வளைந்து நெளிவதற்கு மூன்று முறிப்பு, வயிற்றில் இரண்டு கொளுக்கி. அதை எறிவதற்கு உலக்கை மாதிரி ஒரு தடி. குலசிங்கத்துக்கும் அதே மாதிரி ஒரு தடி வாங்கித் தந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்?

அவர்கள் போனது அஜக்ஸிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன ஏரி. இருவரும் அதைக் குளம் என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் நல்ல தெளிவு. அதில் இருந்த பாஸ் மீன்கள் அதிகம் போனால் ஒரு சாண். அண்ணை அந்த ரப்பர் மீனை வீசுவார்; தேங்காய் விழுந்த சத்தம் கேட்கும். மெல்ல இழுப்பார். பின்னால் ஒரு நிழல் வரும். இரை தன்னளவு பெரிதாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்துவிட்டு நிழல் திரும்பிப் போய்விடும்.

“பாத்தனியே குலம், வருது! அடுத்த கிழமை கடிக்கும்,” என்பார் அண்ணை.

நாலாம் வருடம் குலசிங்கம் பொறுமையிழந்து தூண்டில் கடைக்காரக் கிழவனிடம் தனியாகப் போய்க் கேட்டான். கிழவன் கேட்ட முதல் கேள்வி, உங்கள் குளத்தில் மீன் எவ்வளவு பெரிசு என்பது. குலசிங்கம் கையை விரித்துக் காட்டினான். அந்த மீன் எதைத் தின்று வளர்கிறதோ அந்த அளவில் இரை போடு, வீடியோவில் வருகிற மீனுக்குப் போடாதே என்று கிழவன் மூன்று அங்குல ரப்பர் மீன் இருந்த ஒரு பொட்டலத்தை நீட்டினான். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, வாலில் சின்னத் துடுப்பு. தலைக்குள் ஒரு துளி ஈயம் வைத்த ஒற்றைக் கொளுக்கி.

அண்ணை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் குளக்கரையில் நின்ற வாத்துகள் பறந்தன. “உது நெத்தலியடா. சின்னனைக் கேட்டால் சின்னன்தான் வரும். உள்ளுக்கு வை!”

குலசிங்கம் அதைக் காரின் கையுறைப் பெட்டிக்குள் வைத்தான். ஐந்து வருடம் அது அங்கேயே கிடந்தது.

வெறுங்கையோடு வாசல் ஏற மாட்டாத மனிதர் ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு எப்படிப் போவார்? வழியில் ஸ்காபரோவில் ஒரு பிளாசா, அதில் ஒரு தமிழ் மீன் கடை. அங்கே இரண்டு இறாத்தல் கொடுவா ஒன்றை, “வெட்டாதேங்கோ, செதிலும் எடுக்காதேங்கோ, முழுசாத் தாங்கோ,” என்று வாங்குவார். குளத்துத் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் போட்டு, மேலே கொஞ்சம் பாசியும் போடுவார். கொடுவாவையும் இங்கிலீசில் பாஸ் என்றுதானே சொல்கிறார்கள், ஆகவே இது முழுப்பொய் இல்லை என்பது அவர் கட்சி. மனைவி தவமலர் அதைக் குழம்பு வைப்பாள். “என்ர குளத்து மீன்” என்று அவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிடுவார்.

இந்த ஜூலையில், பஸ் தரிப்பிடத்தில் நின்ற இராசதுரை அண்ணைக்கு நெஞ்சு அடைத்தது. அவ்வளவுதான்.

தகனம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது தவமலர் அக்கா குலசிங்கத்தைத் தனியே கூப்பிட்டாள்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை எட்டாம் நாள். அவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்கவேணும். அந்தக் குளத்து மீன் ஒண்டு கொண்டுவருவீங்களே?”

“ஓம் அக்கா,” என்று வாய் சொல்லிவிட்டது. மனம் அந்த இடத்திலேயே இடிந்து உட்கார்ந்தது. படையலில் வைக்கிற மீன். உண்மையைச் சொன்னால் செத்த மனிதனின் மானம் போகும். சொல்லாமல் கொடுவாவை வாங்கிக் கொடுத்தால், கடைசிச் சோற்றிலும் பொய்யைப் பிசைந்து வைத்தவன் தான் என்று ஆகும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவன் போய் நின்றது மீன் கடையில்தான். மனிதன் முதலில் சுலபமான வழியைத்தானே பார்ப்பான்.

“வழமையான கொடுவாதானே?” என்றான் கடைக்காரன். “மற்ற அண்ணை எங்கை, காணேல்லை?”

குலசிங்கம் வாசலை நோக்கித் திரும்பினான். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து காருக்குள் அழுதான்.

சனிக்கிழமை விடிய குளக்கரையில் நின்றான். அண்ணையின் தடி, அண்ணையின் எட்டு அங்குல மீன். அவருக்காகப் பிடிக்கிற மீனை அவருடைய இரையில்தான் பிடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். எறிந்தான், இழுத்தான். நிழல் வந்தது, பார்த்தது, போனது. பத்து மணியாகியது. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. திடீரென்று அவனுக்கு அண்ணையின் மேல் கோபம் வந்தது. ஒன்பது வருடம்! இந்தக் குளத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்தாரா அந்த மனிதர்? இல்லாத மீனுக்கு இரை போட்டுக்கொண்டு, இருக்கிற மீனையெல்லாம் விரட்டிக்கொண்டு!

கோபம் ஆறியபோது வேறொன்றும் தோன்றியது. ஊரில் தொழில்நுட்பக் கல்லூரி முடித்தவர் அண்ணை. இங்கே வந்து இருபத்தெட்டு வருடம் துடைப்பத்தோடு நின்றவர். வாழ்க்கை அவருக்கு நீட்டியதெல்லாம் சின்னன். கிழமையில் ஒரு நாளாவது பெரிசாக எறிந்து பார்க்காமல் அந்த மனிதரால் எப்படி இருக்க முடியும்? அதைத் தவறு என்று சொல்லக் குலசிங்கத்துக்கு மனம் வரவில்லை. ஆனால் நாளைக்குப் படையல். ஆசைக்கு எறிகிற இரை வேறு, மீனுக்கு எறிகிற இரை வேறு.

கையுறைப் பெட்டியைத் திறந்தான். ஐந்து கோடை வெயிலில் பொட்டலத்தின் நிறம் வெளிறியிருந்தது. உள்ளே ரப்பர் இன்னும் மெதுமெதுவென்றுதான் இருந்தது. அண்ணையின் தடியில் கட்டி எறிந்தால் அது காலடியில் விழுந்தது. இறகைத் தூக்கிப் போட உலக்கை உதவாது. காரின் பின்னுக்குத் தேடி, அண்ணையோடு பழகுமுன் வாங்கிய தன் பழைய மெல்லிய தடியை எடுத்தான். மெல்லிய நூல். சத்தமில்லாமல் போய் விழுந்தது. தாழ விட்டு, பொறுமையாகச் சுற்றினான்.

மூன்றாம் எறியில் நூல் இறுகியது.

கரைக்கு வந்தது ஒன்பது அங்குலம் வரும். பச்சை முதுகு, விலாவில் கரும்பட்டை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். குலசிங்கம் அதை அண்ணையின் ரப்பர் மீனுக்குப் பக்கத்தில் கிடத்திப் பார்த்தான். இரையைவிட மீன் ஒரு விரல் அகலம்தான் நீளம். கரையில் தனியாக இருந்து வயிறு நோகச் சிரித்தான். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னும் பெரிசு வருமா என்று மத்தியானம் வரை பார்த்தான். வந்ததெல்லாம் அதே அளவு. அவற்றைத் திரும்ப விட்டுவிட்டான். வாளியில் அந்த ஒரு மீனோடு புறப்பட்டான். பிளாசாவைத் தாண்டும்போது கை சிக்னலை நோக்கிப் போனது. இவ்வளவு காலமும் இரண்டு இறாத்தல் மீனைக் கண்ட பெண்ணிடம் இதை எப்படி நீட்டுவது? ஆனாலும் நிறுத்தாமல் ஓட்டினான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு தவமலர் அக்காவின் குசினிக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டான். கழுவும் தொட்டியில் ஒரு கொடுவா கிடந்தது. பக்கத்தில் அதே மீன் கடையின் பை.

“காலமை நான்தான் போய் வாங்கினன்,” என்றாள் தவமலர் அக்கா. “அவர் வாங்கிற கடைதான்.”

“அக்கா, உங்களுக்கு...”

“வாழைச்சேனைக் கடற்கரையில பிறந்தவளுக்குக் கொடுவா தெரியாதே, தம்பி? முதல் நாளே தெரியும். ஐஸில கிடந்த மீனுக்குப் பாசி வேற போட்டுக் கொண்டுவந்தவர்.”

“அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டா மறுகா குளத்துக்குப் போகமாட்டார். அஞ்சு நாளும் தலையைக் குனிஞ்சு நிலம் துடைக்கிற மனுசன். ஞாயிற்றுக்கிழமை வாளியோட வாசல்ல நிக்கேக்குள்ள அவற்ர முகத்தை நான்தான் பாத்தனான்.” அவள் தொட்டியில் கிடந்த கொடுவாவை ஒரு பக்கம் நகர்த்தினாள். “ஒருக்காவாவது அந்த மீன் இந்த வீட்டுக்கு வரட்டும் எண்டுதான் உங்களைக் கேட்டன். நீங்களும் கொடுவாவோட வந்திருந்தா ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்.”

குலசிங்கம் வாளியைக் கீழே வைத்தான். அவள் மீனைக் கையில் எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அது இன்னும் சிவப்பாக இருந்தது.

“இவ்வளவுதானா?”

“இந்தக் குளத்தில இவ்வளவுதான், அக்கா.”

“அவர் எதை எறிஞ்சவர்?”

அவன் எட்டு அங்குல ரப்பர் மீனை எடுத்துக் காட்டினான். அவள் ஒரு கையில் இதையும் மறு கையில் அதையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு கிழமைக்குப் பிறகு முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் வாழையிலையில் சோறும் கறிகளும் நிறைந்திருந்தன. கொடுவாக் குழம்புக் கிண்ணத்தை அவள் ஓரத்துக்குத் தள்ளினாள். முழுதாகப் பொரித்த அந்தச் சின்ன மீனை நடுவில் வைத்து, படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்தாங்கோ,” என்றாள். “உங்கட மீன் கடிச்சிட்டுது.”